பக்கத்துக்கு நூற்றுப் பதினெட்டு

அந்த ஊரை இரண்டாகப் பிரிக்க ஏற்கெனவே ஒரு ரயில் பாதை இருந்தது. ஒற்றுமையை வளர்ப்பதற்காக அதன் நடுவில் கைவிடப்பட்டுக் கிடந்த கூட்ஸ் யார்டில் ஒரு சுவரையும் எழுப்பினார்கள்.

சாதாரணச் சுவர் இல்லை. கறுப்புக் கல். இரண்டு ஆள் உயரம், நாற்பது அடி நீளம். கலவரத்தில் செத்த மேற்குப் பக்கத்தாரின் பெயர்கள் மேற்கு முகத்தில், கிழக்குப் பக்கத்தாரின் பெயர்கள் கிழக்கு முகத்தில். சுவரின் இரு முனையிலிருந்தும் யார்டு நெடுக வேலி. மேற்கே ஒரு வாசல், கிழக்கே ஒரு வாசல். வாசலுக்கு ஒரு வருகைப் பதிவேடு, வாசலுக்கு ஒரு குடிதண்ணீர்க் குழாய். இந்தப் பக்கம் நின்று அழுகிறவருக்கு அந்தப் பக்கம் நின்று அழுகிறவர் தெரியமாட்டார். இதை வரைந்து கொடுத்த கட்டடக் கலைஞர் திறப்பு விழாவில், “இது பிரிக்கும் சுவர் அல்ல, இரண்டு துயரங்கள் முதுகோடு முதுகு சாய்ந்து நிற்கும் இடம்” என்று பேசினார். அதற்காக வெளிநாட்டில் பரிசும் வாங்கினார். முதுகைச் சாய்த்துக்கொண்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான் ஊருக்குப் பிடித்திருந்தது.

சுவருக்குப் பத்து வயது ஆனபோது தண்டவாளத் தூசி ஏறி மங்கிவிட்டது. பத்தாம் ஆண்டு நிகழ்ச்சிக்கு முன்னால் பாலிஷ் போட வேண்டும். உள்ளூர் ஆளைக் கூப்பிட முடியாது. மேற்கு ஆள் என்றால் கிழக்கு முகத்தில் வேண்டுமென்றே கீறல் போட்டுவிடுவான். கிழக்கு ஆள் என்றால் மேற்கு முகத்துக்குத் தண்ணீர்கூடச் சரியாக ஊற்றமாட்டான். இரண்டு கமிட்டிகளும் சேர்ந்து வெளியூர் ஆளைத் தேடின. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஒரு கல் கம்பெனி தன் பழைய பாலிஷ்காரரை அனுப்பிவைத்தது.

அவர் வெளியூர் ஆள்தான், பத்தொன்பது வருஷமாக. அதற்கு முந்தைய இருபத்து மூன்று வருஷம் அவர் இதே ஊரின் மேற்குப் பக்கத்தில், குழாயடித் தெருவின் கடைசி வீட்டில் வளர்ந்தவர். அதை அவர் கம்பெனியில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“இந்த வேலைக்கு நான் போறேன் சார்” என்று அவரே முந்திக்கொண்டதற்குக் காரணம் மகள். நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. எல்லாத் தாளும் கொடுத்தாயிற்று, ஒன்றைத் தவிர. தாயும் தகப்பனும் பிறந்த ஊர் அலுவலகத்திலிருந்து ஒரு பூர்வீகச் சான்றிதழ் வேண்டும். பதினைந்தாம் தேதிக்குள் அது வராவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். அவருக்கும் மனைவிக்கும் பிறந்த ஊர் ஒன்றுதான். பக்கம்தான் வேறு. அவர் மேற்கு, மனைவி கிழக்கு. இருவரும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் ஏறிக் காணாமல் போனார்கள். வெள்ளிக்கிழமை கலவரம் வெடித்தது. அது ஏன் வெடித்தது என்பதற்கு மேற்கே ஒரு காரணம் சொல்வார்கள், கிழக்கே ஒரு காரணம் சொல்வார்கள். இரண்டிலும் இவர்கள் இல்லை.

வந்த முதல் நாள் கல்லைக் கழுவினார். கண்ணாடி, முகமூடி, தலையில் துண்டு என்று பாலிஷ்காரர் வேலைக்கு இறங்கிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. மூன்றாவது பலகையில் தண்ணீரைப் பீய்ச்சினார். அழுக்கு வழிந்து இறங்கியது. ‘குழாயடித் தெரு’ என்ற தலைப்பின் கீழே, கடைசி வரியில், அவர் பெயர் வந்தது. தகப்பன் பெயரும் வயதும்கூட இருந்தன: இருபத்து மூன்று.

எழுத்து நல்ல ஆழம், வெட்டியவன் கைதேர்ந்தவன் என்றுதான் முதலில் தோன்றியது. தொழில் புத்தி அப்படி. அதற்கப்புறம்தான் அது தன் பெயர் என்று உறைத்தது.

குழாயை மூடிவிட்டு மேற்கு வாசல் வழியாக வெளியே வந்தார். ரயில்வே கேட்டைத் தாண்டி, அரை கிலோமீட்டர் சுற்றி, கிழக்கு வாசல் வழியாக உள்ளே போய், அதே பலகையின் பின்புறத்தில் தண்ணீர் அடித்தார். அவர் பெயருக்கு நேர் பின்னால், அதே உயரத்தில், மனைவியின் பெயர்.

மனைவிக்குப் போன் செய்தார்.

“என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன். நான் செத்துட்டேன்.”

“வேலை அவ்வளவு கஷ்டமா?”

“இல்லடி, நிஜமாவே. கல்லுல வெட்டியிருக்கு. செத்துப் பத்தொன்பது வருஷம் ஆச்சாம்.”

“நான்?”

“நீயும்தான். எனக்கு நேர் பின்னாடி.”

“எங்கப்பா பேரெல்லாம் சரியா போட்டிருக்கா?”

“போட்டிருக்கு. உன் வயசுலதான் ரெண்டு குறைச்சுட்டாங்க.”

“அது மட்டும் இருக்கட்டும்” என்றார் மனைவி. “மிச்சத்தை எடுக்கச் சொல்லுங்க. சர்டிபிகேட் வாங்கினீங்களா இல்லையா?”

மறுநாள் அலுவலகம் திறந்ததும் போய் நின்றார். அங்கே மேற்குக்கு ஒரு ஜன்னல், கிழக்குக்கு ஒரு ஜன்னல். ஆனால் கிளார்க் ஒருவர்தான். சக்கரம் வைத்த நாற்காலியில் இந்த ஜன்னலில் ஒரு மனு வாங்கி, தரையை உதைத்து உருண்டு போய் அந்த ஜன்னலில் ஒரு மனு வாங்குவார். இங்கே நாற்பது பேர் நின்று அங்கே யாருமே இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் உருண்டு போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். முறை என்றால் முறை.

கிளார்க் பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு பாலிஷ்காரரைப் பார்த்தார்.

“இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“நான்தான் சார் அவர்.”

“அவர் இறந்துட்டாரே.”

“சார், நான் உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன்.”

“நின்னுட்டு இருக்கீங்க” என்று திருத்தினார் கிளார்க். துல்லியமான மனிதர். “இதப் பாருங்க. கலவரத்துல இந்த ஆபீஸ் எரிஞ்சுபோச்சு. பிறப்பு, இறப்பு எல்லா ரெஜிஸ்டரும் சாம்பல். உயிரோட இருந்தவங்க எல்லாம் வந்து புதுசா எழுதிக்கிட்டாங்க. நீங்க வரலை.”

“நான் ஊர்லயே இல்லை சார்.”

“செத்தவங்களும் அதனாலதான் வரலை. அப்புறம் சுவர் கட்டினாங்க. கலவரச் சாவுக்குக் கல்லுல இருக்கிற பட்டியலே பதிவேடுன்னு மேலேயிருந்து உத்தரவு வந்துச்சு. யாராவது கேட்டா நான் நோட்டை எடுத்துக்கிட்டு நேர்ல போய்ப் பார்ப்பேன். கல்லுல பேர் இருந்தா இறந்தவர். இல்லைன்னா இருக்கிறவர். அவ்வளவுதான் ரூல்.”

“நான் உயிரோட இருக்கிறது உங்களுக்கே தெரியுதே சார்?”

“எனக்குத் தெரியுது. ஆனா எனக்குத் தெரியறதுக்கு ரூல்ல இடமில்லை. கமிட்டிகிட்ட சொல்லிக் கல்லுலேருந்து பேரை எடுத்துட்டு வாங்க, அஞ்சு நிமிஷத்துல சர்டிபிகேட் தர்றேன்.” சொல்லிவிட்டுத் தரையை ஓர் உதை உதைத்து அந்த ஜன்னலுக்கு உருண்டு போய்விட்டார்.

கல்லில் ஏறிய பெயரை இறக்குவது எவ்வளவு பெரிய விவகாரம் என்று தெரிய, அது எப்படி ஏறியது என்று தெரிய வேண்டும். பட்டியல் போட இரண்டு வருஷம் ஆனது. மேற்கு நூறு பெயர் கொடுத்தால் கிழக்கு நூற்று மூன்று கொடுக்கும். அதைக் கேள்விப்பட்டு மேற்கு மறுபடி வீடு வீடாகப் போய் நூற்றேழாக வரும். அந்த வாரம் மாரடைப்பில் போனவர்கள் ஏறினார்கள். ஏணியிலிருந்து விழுந்தவர் ஒருவர் ஏறினார். கலவரத்துக்கு முந்தைய நாள் தொண்ணூற்று நாலு வயதில் படுக்கையில் போன ஒருவரை, வரப்போவதை நினைத்த கவலையில் செத்தார் என்று ஏற்றினார்கள். எண்ணிக்கை குறைந்தால், அதிகம் அடித்தது நாம்தான் என்று ஆகிவிடுமே! பக்கத்துக்கு நூற்றுப் பதினெட்டு என்று வந்தபோது, இனி ஒரு பெயருக்கும் இடமில்லை என்று கட்டடக் கலைஞர் கையை விரித்துவிட்டார். கல் தீர்ந்ததால் சாவும் நின்றது.

அதன் பிறகும் நம்பிக்கை வரவில்லை. ஒவ்வோர் ஆண்டு நிகழ்ச்சியிலும் மேற்கிலிருந்து ஒருவர் போய்க் கிழக்கு முகத்தை எண்ணுவார். கிழக்கிலிருந்து ஒருவர் வந்து மேற்கு முகத்தை எண்ணுவார். இராத்திரியோடு இராத்திரியாக ஒரு பெயரைச் சேர்த்துவிட்டால்? எண்ணி முடித்து இருவரும் நூற்றுப் பதினெட்டு என்று அறிவித்த பிறகுதான் மௌன அஞ்சலி. தங்கள் பக்கத்தைத் தாங்களே எண்ணும் வழக்கம் இரண்டு பக்கத்துக்கும் கிடையாது. நமது கணக்கில் நமக்கு என்ன சந்தேகம்?

மேற்குக் கமிட்டியின் தலைவர் பாலிஷ்காரரின் அண்ணன். முன்பு சைக்கிள் கடை வைத்திருந்தவர். தம்பி செத்ததிலிருந்துதான் பொதுவாழ்வுக்கு வந்தார்.

கதவைத் திறந்த அண்ணன், முகமூடியை இறக்கிய முகத்தைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சுதாரித்ததும் முதல் வேலையாகத் தெருவை இடமும் வலமும் பார்த்தார்.

“பின்கட்டு வழியா வா.”

பின்கட்டு வழியாக வந்து உட்கார்ந்தார். கூடத்தில் அவருடைய இருபத்து மூன்று வயதுப் படம், பெரிய சட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தது. படத்துக்கு ஒரு சின்ன விளக்கும் போட்டிருந்தார்கள். வீட்டில் இருந்தபோது அவருக்குக் கட்டில்கூடக் கிடையாது.

“நல்லாத்தான் இருக்கியாடா?”

“ரெண்டு லெட்டர் போட்டேனே அண்ணே. வரலையா?”

“வந்துச்சு.”

“அப்புறம்?”

“அதுக்குள்ள முதல் பட்டியல் போயிருச்சுடா, உன் பேரோட. போன பட்டியலைத் திருப்பி வாங்கினா கிழக்குக்காரன் சிரிப்பானா மாட்டானா?”

“அதுக்காக என்னைக் கொன்னுட்டீங்க.”

“நான் எங்கடா கொன்னேன்? அவங்க கொன்னதாத்தான எழுதிக் கொடுத்தேன்!” அண்ணனுக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது.

“கிழக்குப் பொண்ணைக் கூட்டிட்டு ஓடிட்டான்னு சொல்லியிருந்தா உண்மையாவது மிஞ்சியிருக்கும்.”

“ஓடிப்போனவனோட அண்ணனுக்கு எவன்டா முன்வரிசையில நாற்காலி போடுவான்? நீ உசுரோட இருந்தப்போ இந்தத் தெருவுல உனக்கு என்ன மரியாதை இருந்துச்சுன்னு நினைச்சுப் பாரு. இப்போ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரிசையா வந்து உன்னைப் பார்த்துட்டுப் போகுதுங்க.”

அது பொய்யில்லை. சுவரின் நடுப்பலகையில் முதுகோடு முதுகாக அமைந்துவிட்ட அந்த இரண்டு பெயர்களும்தான் நினைவகத்தின் பெரிய ஈர்ப்பு. ‘ஒருவரை ஒருவர் அறியாமலே மாண்ட இரண்டு அப்பாவி இளம் உள்ளங்கள்’ என்று ஆசிரியர்கள் மாணவர்களுக்குச் சொல்வார்கள். சில ஆசிரியைகள் அந்த இடத்தில் கண்ணைத் துடைப்பதும் உண்டு.

“அண்ணே, எனக்கு மரியாதை வேணாம். என் பொண்ணு படிக்கணும். பதினஞ்சாம் தேதிக்குள்ள பேரை எடுக்கணும். என் பேரை எடுத்தா இங்க ஒண்ணு குறையும், அவ பேரை எடுத்தா அங்க ஒண்ணு குறையும். கணக்குச் சரியாப் போச்சுல்ல?”

“கிழக்குத் தலைவர் ஒத்துக்கணுமே” என்றார் அண்ணன். கிழக்குத் தலைவர் வேறு யாருமில்லை, பாலிஷ்காரரின் மாமனார்தான். மகளைப் பறிகொடுத்த தகப்பன் என்ற முறையில் அவருக்கும் அந்தப் பதவி வந்து சேர்ந்திருந்தது.

கூட்டம் பதினோராம் தேதி, நினைவக அலுவலகத்தில். அதற்கு மேற்கே ஒரு கதவு, கிழக்கே ஒரு கதவு, நடுவில் ஒரு மேசை. மின்விசிறியைச் சரியாக நடுக்கோட்டில் மாட்டியதில் அது யார் தலைக்கும் காற்றுத் தராமல் மேசைக்கு மட்டும் தந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அண்ணனும் தலையாட்ட இரண்டு பேரும், அந்தப் பக்கம் மாமனாரும் தலையாட்ட இரண்டு பேரும். காலை ரயிலில் வந்து இறங்கிய மனைவி புருஷனோடு மேற்குக் கதவு வழியாக உள்ளே நுழைந்தார்.

பத்தொன்பது வருஷம் கழித்து மகளைப் பார்த்த மாமனார் சொன்ன முதல் வார்த்தை இது:

“அந்தக் கதவாலயா வர்றே?”

மனைவி நின்றார். வாசல்படியிலேயே அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. ரயிலில் எட்டு மணி நேரம் என்ன எதிர்பார்த்து வந்தாரோ, அது இனி வராது என்று தெரிந்துபோன முகம்.

“ரயிலடியிலேருந்து இதுதான்பா பக்கம்” என்றார்.

“உனக்காகப் பத்தொன்பது வருஷமா அழுதிருக்கேன்மா.”

“வருஷத்துக்கு ஒரு நாள். மைக் வெச்சு. கேள்விப்பட்டேன்.”

தலையாட்டுகிறவர்கள் நால்வரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பாலிஷ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்: மகள், கல்லூரி, பதினைந்தாம் தேதி, பக்கத்துக்கு ஒன்றாக எடுத்தால் நூற்றுப் பதினேழு, நூற்றுப் பதினேழு. தராசு ஆடாது.

“எடுக்கலாம். யோசிச்சுப் பார்த்தா எடுக்கலாம்தான்” என்றார் மாமனார், மேற்குப் பக்கம் பார்த்து. “ஏன் எடுத்தோம்னு கேட்டா என்ன சொல்றது?”

“உயிரோட இருக்காங்கன்னு சொல்லணும்” என்றார் அண்ணன்.

“எப்படி உயிரோட இருக்காங்கன்னு கேட்பாங்க.”

“ஓடிப்போனதாலன்னு சொல்லணும்.”

“யாரோடன்னு கேட்பாங்க.”

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பார்த்ததும் இருவருக்கும் ஒரே விஷயம் புரிந்துவிட்டது.

“ஐயா சொல்றது ரொம்ப நியாயம்” என்றார் அண்ணன்.

“நான் எங்க சொன்னேன்? நீங்கதான் தம்பி அழகா சொன்னீங்க. உங்க பக்கத்துல இவ்வளவு விவரமான ஆள் இருக்கீங்கன்னு எனக்கு இத்தனை நாள் தெரியாமப் போச்சு.”

தீர்மானம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. மேற்படி இருவரும் நினைவகத்தின் நலன் கருதி இறந்தவர்களாகவே தொடர்வது என இரு கமிட்டிகளும் ஒருமனதாக முடிவு செய்கின்றன. கூட்டப் புத்தகத்தைப் புரட்டிய செயலாளர், ‘ஒருமனதாக’ என்ற சொல்லை எழுதுவது இதுதான் முதல் தடவை என்று நெகிழ்ந்துபோனார். அண்ணனும் மாமனாரும் மேசைக்கு மேலே கை குலுக்கினார்கள். தலையாட்டுகிறவர்களில் ஒருவர் கைதட்டினார். இரண்டு துயரங்களையும் சேர்த்துவைக்கும் என்று கட்டடக் கலைஞர் சொன்ன சுவர், கடைசியில் சேர்த்துவைத்தேவிட்டது. செத்தவர்களால் முடியாததை, சாகாத இரண்டு பேரைச் சாகடித்துச் சாதித்தார்கள்.

“பொண்ணு படிப்புக்கு வேற வழி பாருடா” என்று அண்ணன் தோளைத் தட்டினார். “நர்ஸிங்தான் படிக்கணுமா?”

வெளியே வந்து இருவரும் சுவரின் நிழலில் உட்கார்ந்தார்கள். மனைவி கொண்டுவந்திருந்த சாப்பாட்டைப் பிரித்தார். எதிரே பாலிஷ் மெஷின், பக்கெட்டுகள், கல்பொடி டப்பாக்கள். மனைவிக்கு அவை எல்லாம் பழக்கம். கல்லில் விரிசல் விழுந்தால் கல்பொடியும் பசையும் குழைத்து அடைக்க வேண்டும். நிறம் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் அடைத்த இடம் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியில் நிறம் சேர்க்கிற வேலை மனைவியுடையது. அவர் அடைத்த விரிசலைக் கம்பெனி முதலாளியே தடவிப் பார்த்தும் கண்டுபிடித்ததில்லை.

“கிளார்க் என்ன சொன்னாருன்னு சொன்னீங்க?” என்றார் திடீரென்று. “அந்த ரூலை இன்னொரு தடவை சொல்லுங்க.”

“கல்லுல பேர் இருந்தா இறந்தவர். இல்லைன்னா இருக்கிறவர்.”

“கமிட்டி லெட்டர் வேணும்னு சொன்னாரா?”

“கமிட்டிகிட்ட சொல்லி எடுத்துட்டு வாங்கன்னார்.”

“சொல்லியாச்சுல்ல? சொல்லச் சொன்னார், சொல்லிட்டோம். அவங்க கேட்கணும்னு சொல்லலையே.” மனைவி டப்பாவை மூடினார். “கறுப்புப் பொடி எவ்வளவு இருக்கு?”

பன்னிரண்டாம் தேதி பட்டப்பகலில், இரண்டு வாசலிலும் காவலாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேலை நடந்தது. பாலிஷ் போடுகிற கல்லின் மேல் கறுப்புச் சேறு வழிந்துகொண்டே இருக்கும். அதற்கு அடியில் என்ன நடக்கிறது என்று பாலிஷ்காரருக்குத்தான் தெரியும். பெயர்கள் அமைந்த இடமும் வாகாக இருந்தது. ஒவ்வொரு தெருவின் பட்டியலுக்கும் நடுவே ஒரு கை அகலம் வெறும் கல் விட்டிருந்தார்கள். அவர் பெயர் அவர் தெருவின் கடைசி. மனைவியின் பெயர் அவர் தெருவின் கடைசி. அடைத்தால், இடைவெளி கொஞ்சம் தாராளமாகத் தெரியும், அவ்வளவுதான்.

“உங்க பேரை நான் அடைக்கிறேன்” என்றார் மனைவி. “என் பேரை நீங்க அடைங்க.”

மேற்கு முகத்தில் மனைவி முதல் எழுத்திலிருந்து வரிசையாகப் பசையை அழுத்திக்கொண்டே வந்தார். வயது இருக்கும் இடத்தில் கை நின்றது. ‘23.’

“இந்த வயசுல ஆளு நல்லாத்தான் இருந்தீங்க.”

“அடைடி. காயுது.”

அடைத்தார். கிழக்கு முகத்தில் அவர் மனைவியின் பெயரை அடைத்தார். ஒரு ராத்திரி காயவிட்டு, மறுநாள் நம்பர் வாரியாகத் தேய்ப்புப் பட்டையை மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசிப் பொடியும் போட்டுத் துடைத்தபோது சுவர் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி நின்றது. மேற்கு முகத்தின் நடுவில், பெயர் இருந்த இடத்தில், இப்போது அவருடைய நாற்பத்திரண்டு வயது முகம் தெரிந்தது.

பதினான்காம் தேதி கிளார்க் நோட்டோடு வந்தார். மேற்கு வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். குழாயடித் தெருவை மேலிருந்து கீழே விரலால் ஓட்டிப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. வெறும் கல்லில் கொஞ்சம் தடவியது. அவர் இந்தச் சுவரை ஆயிரம் தடவை படித்தவர். திரும்பிப் பாலிஷ்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

“நல்ல வேலைக்காரர் நீங்க.”

“வேலை சொன்னது என் வீட்டுக்காரம்மா சார்.”

“அது எனக்குத் தெரிய வேண்டியதில்லை” என்று அவசரமாகத் தடுத்தார் கிளார்க். நோட்டில் எழுதினார்: நேரில் பார்வையிட்டதில் மேற்படி பெயர் காணப்படவில்லை. பிறகு வெளியே போய், ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் வண்டிக்காகக் காத்து நின்று, அரை கிலோமீட்டர் சுற்றி, கிழக்கு வாசல் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, அதே வரியை இன்னொரு தடவை எழுதினார். மூன்று மணிக்கு இரண்டு சான்றிதழும் கையில் வந்தன. அவருக்கு மேற்கு ஜன்னலில், மனைவிக்குக் கிழக்கு ஜன்னலில். அன்று சாயங்கால ரயிலில் மனைவி அவற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பதினைந்தாம் தேதி பகல் பதினொன்றரைக்கு மகள் போன் செய்தாள்.

“அப்பா, சேர்த்துக்கிட்டாங்க! அம்மா எதையோ கேட்டா சிரிச்சுக்கிட்டே இருக்காங்க. அந்த ஊர்ல என்னப்பா பண்ணீங்க?”

“விரிசல் அடைச்சோம்மா” என்றார்.

வேலை முடிந்தது என்று அவரும் கிளம்பியிருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி முடியும்வரை, யாராவது கை வைத்துக் கறை விழுந்தால் துடைக்க ஆள் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. இருபதாம் தேதி காலை, முகமூடியும் துணியுமாகச் சுவரின் ஓரத்தில் நின்றார். அடைத்த இடம் அண்ணன் கண்ணில் பட்டால்? எண்ணுகிறவர்கள்?

கிழக்கின் ஆள் மேற்கு வாசல் வழியாக வந்து மேற்கு முகத்தை எண்ணத் தொடங்கினார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஒவ்வொரு பெயருக்கும் பென்சிலால் காற்றில் ஒரு குத்து. முடித்தார். முகம் மாறியது. முதலிலிருந்து எண்ணினார். பிறகு விறுவிறுவென்று கிழக்கே ஓடினார். அதே நேரத்தில் கிழக்கு முகத்தை எண்ணப் போன மேற்கின் ஆள், மருந்துக் கடைக்காரர், கேட்டைத் தாண்டி மூச்சிரைக்க ஓடிவந்தார். இருவரும் ரயில்வே கேட்டில் ஒருவரை ஒருவர் கடந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பரிதாபமாகப் புன்னகைத்துக்கொண்டார்களாம். கேட் கீப்பர் பிற்பாடு சொன்னது.

“தலைவரே” என்று மருந்துக் கடைக்காரர் அண்ணன் காதில் குனிந்தார். பக்கத்திலேயே நின்ற பாலிஷ்காரருக்கும் அது கேட்டது. “நூத்திப் பதினேழுதான் இருக்கு! ரெண்டு தடவை எண்ணிட்டேன். ஒரு பொய்ப் பேரைச் சத்தம் போடாம எடுத்துட்டாங்க. பயந்துட்டாங்க!”

முன்வரிசை முழுக்க அந்தச் செய்தி மெல்ல ஓடியது. முதுகுகள் நிமிர்ந்தன. சுவருக்கு அந்தப் பக்கமும் அதே நேரத்தில் அதே முதுகுகள் நிமிர்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் அங்கிருந்தும் திருப்தியான ஒரு முணுமுணுப்பு வந்தது. நமக்கு ஒன்று அதிகம்! பத்தொன்பது வருஷமாகக் காத்திருந்த வெற்றி! இதை மைக்கில் சொன்னால் எடுத்த பெயரை மறுபடி போட்டுவிடுவார்கள் என்று இரண்டு பக்கமும் புத்திசாலித்தனமாக வாயை மூடிக்கொண்டது. மருந்துக் கடைக்காரர் மைக்கில் நூற்றுப் பதினெட்டு என்று அறிவித்தார். கணக்கு வாத்தியாரும் அங்கே நூற்றுப் பதினெட்டு என்று அறிவித்தார். அந்த வருஷ மௌன அஞ்சலியில் ஒருவர்கூட இருமவில்லை. ஊரின் சரித்திரத்திலேயே இவ்வளவு அமைதியாக நடந்த ஆண்டு நிகழ்ச்சி வேறில்லை என்று பத்திரிகைகள் எழுதின.

கடைசியில் மலர்வளையம். ஒலிபெருக்கி அழைத்ததும் அண்ணன் எழுந்து, வழக்கமான நடையில், வழக்கமான பலகைக்கு வந்தார். குழாயடித் தெருவின் கடைசி வரியைத் தேடினார். தேடிய இடத்தில் அவர் முகமே அவரைப் பார்த்தது.

ஒரு தடவை கிழக்குப் பக்கம் பார்த்தார், சுவர்தான் தெரிந்தது. மருந்துக் கடைக்காரரைப் பார்த்தார்; அவர் வெற்றிப் புன்னகையோடு தலையசைத்தார். கத்தினால் என்ன கத்துவது? என் தம்பியைக் காணோம் என்றா? அண்ணனுக்குக் கண் கலங்கியது. அந்தப் பத்து வருஷத்தில் முதல் தடவையாக நிஜமாகவே கலங்கியிருக்கலாம். காமிராக்கள் மின்னின. அவர் குனிந்து, ஒன்றுமில்லாத கல்லுக்குக் கீழே வளையத்தை வைத்தார். நேராக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்தார்.

நிமிரும்போது, ஓரத்தில் துணியோடு நின்றவரிடம், உதடு அசையாமல் சொன்னார்:

“இந்த இடம் மட்டும் கொஞ்சம் அதிகமா மின்னுதே.”

“புதுசுண்ணே” என்றார் பாலிஷ்காரர். “ஒரு வருஷத்துல மங்கிடும்.”

அண்ணனின் விரல் கல்லில் பட்டு ஒரு கறை விழுந்திருந்தது. அதைத் துடைத்தார். அத்தோடு ஒப்பந்தம் முடிந்தது.